பனிமலைத் தலங்களும் பௌத்தத் திருவிழாக்களும்
(சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



வடதிசை நோக்கி யாத்திரை புறப்படுதல் தமிழகத்தில் நேற்று இன்று தோன்றிய வழக்கம் அன்று. திருஞானசம்பந்தப் பெருமான் காளத்தியில் எழுந்தருளியிருந்தபடியே கயிலாயத்தையும் கேதாரத்தையும் பாடியருளினார் என்று பெரியபுராணம் கூறும். திருநாவுக்கரசரோ கயிலையைக் கண்ணாற் காணாது மீளேன் என்று கால் தேய, கை தேய, மார்பு தேயச் சென்றார். திருமங்கையாழ்வார் தமது பெரிய திருமொழியின் முதற் பத்திலேயே வதரியையும் சாளக்கிராமத்தையும் நைமிசாரணியத்தையும் அடுத்தடுத்து மங்களாசாசனம் செய்துவிட்டார். ஆதலின், பனிமலைக்குச் செல்லும் தமிழ் யாத்திரிகர் புதிய நாட்டிற்குச் செல்பவர் அல்லர். தம் முன்னோர் பாட்டினால் அளந்து வைத்த நிலத்திற்கே செல்கின்றனர்.

ஆயினும் அந்நிலத்தில் ஒரு புதுமை உண்டு. நேபாள நாட்டின் தலங்களிலே சைவ வைணவக் கோயில் எது, பௌத்தக் கோயில் எது என்று கோடு கிழித்துப் பிரிக்க முற்படுவோர்க்குப் பெருந் திகைப்பே எஞ்சும். அங்கே ஒரே திருவுருவத்தின் முன் இரு சமயத்தாரும் நிற்கின்றனர். ஒருவர் ஒரு பெயரால் அழைக்கின்றார். மற்றொருவர் வேறு பெயரால் அழைக்கின்றார். இப்புதுமையை முன்னரே அறிந்து செல்பவர்க்கு யாத்திரை இரட்டிப்புப் பயன் தரும். அறியாது செல்பவர், அவசரமாகக் கற்பூரம் காட்டித் திரும்பிய அளவிலேயே நிற்பர். யாத்திரிகரை அழைத்துச் செல்லும் தலைவருக்கு இரயிலும் வானூர்தியும் விடுதியும் ஏற்பாடு செய்வது மட்டும் கடமையன்று. இதனை எடுத்துச் சொல்லுவதும் அவர் கடமையே.

வைகாசித் திங்களைத் தேர்ந்தெடுத்துச் செல்லுதல் நன்று. நம்மவர்க்கு வைகாசி விசாகம் முருகப்பெருமானுக்கு உகந்த நாள். நம்மாழ்வார் அவதரித்த திருநாள். அதனை ஒட்டி வரும் பௌர்ணமியே புத்தர் பிறந்ததும், ஞானம் பெற்றதும், பரிநிர்வாணம் அடைந்ததுமான நாள் என்று பௌத்தர் கொண்டாடுகின்றனர். அக்காலத்தில் பனி உருகி மலைவழிகள் திறந்திருக்கும். பெருமழை இன்னும் தொடங்கியிராது. நேபாளத்தின் மாபெருந் தேர்த்திருவிழா ஒன்றும் அதே காலத்தில் நிகழ்கின்றது.

முதற்கண் காட்மாண்டு நகரம். பாகமதி ஆற்றங்கரையில் பொன்முலாம் பூசிய ஈரடுக்குக் கூரையின்கீழ்ப் பசுபதிநாதர் நான்கு திசைக்கும் நான்கு முகங் காட்டி எழுந்தருளியிருக்கிறார். உச்சியில் உருவமற்ற ஐந்தாவது முகம் உண்டு என்பது மரபு. பெருமானைத் தீண்டிப் பூசிக்கும் உரிமை தென்னாட்டினின்று சென்ற பட்டர்களுக்கு உரியது. பத்ரிநாதரைப் பூசிப்பவர் கேரளத்து நம்பூதிரி. கேதாரநாதத்தின் ராவல் கன்னட நாட்டு வீரசைவர். வடகோடித் தெய்வங்களுக்குத் தென்கோடிக் கைகள் பூச்சூட்டும் இவ்வேற்பாட்டை எண்ணுந்தோறும் மகிழ்ச்சி உண்டாகின்றது. பசுபதிநாதரிடத்தில் இதனினும் வியப்பான வழக்கம் ஒன்று உண்டு. ஆண்டில் ஒருநாள் அச்சிவலிங்கத்திற்குப் புத்தர் மகுடம் சூட்டிப் பௌத்தரும் வழிபடுகின்றனர். இலிங்கம் மாறவில்லை, கோயில் மாறவில்லை, மகுடம் ஒன்றே மாறுகின்றது.

அந்நகரின் மேற்கே சுயம்புநாதக் குன்று. முன்னொரு காலத்தில் அப்பள்ளத்தாக்கு முழுவதும் ஓர் ஏரியாக இருந்தது என்றும், அதன் நடுவே மலர்ந்த தாமரையில் ஒளிப்பிழம்பு ஒன்று தானே தோன்றியது என்றும், மஞ்சுஸ்ரீ என்னும் போதிசத்துவர் சோபார் என்னுமிடத்தில் மலையை வாளாற் பிளந்து நீரை வடியச் செய்தார் என்றும் அந்நாட்டுப் புராணம் கூறுகின்றது. அவ்வொளி நின்ற இடத்தில் இன்று தூபி நிற்கின்றது. அருகே ஹாரீதி அம்மைக்கு ஒரு சிறு கோயில். பிள்ளைகளைக் கவர்ந்து உண்டு திரிந்த அவளுடைய கடைக்குட்டியைப் புத்தர் ஒளித்து வைத்தார் என்றும், பிள்ளையைக் காணாது துடித்த அத்தாய், பிறர் துயரையும் அன்று உணர்ந்து, அதுமுதல் குழந்தைகளைக் காப்பவள் ஆனாள் என்றும் கதை. இந்துக்கள் அவளைச் சீதளா தேவி என்பர். அம்மை நோய்க்கு அஞ்சி அவளை வேண்டுவர். நம்மூர் மாரியம்மன் சந்நிதியில் குழந்தையைக் கிடத்தி எடுக்கும் தாய்மாருக்கு அக்கோயிலில் யாரும் எதையும் விளக்க வேண்டியதில்லை.

திருப்பணிச் செல்வர்கள் கட்டாயம் காண வேண்டியது போதநாதப் பெருந்தூபி. 2015-ஆம் ஆண்டு ஏப்ரல் 25-ஆம் நாள் நிகழ்ந்த நிலநடுக்கத்தில் அதன் முடிப்பகுதி பிளந்துவிட்டது. அதனைப் பிரித்தெடுத்து, மீண்டும் எழுப்பி, பொன் தகடு வேய்ந்து, 2016-ஆம் ஆண்டு நவம்பரில் முறைப்படி புனிதச் சடங்குகள் ஆற்றித் திறந்தனர். நாடெங்கும் இடிந்து கிடந்த வேளையில் ஓராண்டுக்குச் சற்று மிகுந்த காலத்திலே அது நிறைவேறியதற்குக் காரணம், பௌத்த அன்பர்கள் அள்ளித் தந்த பொருளும் அப்பகுதி மக்களின் உடலுழைப்புமே. நாம் கும்பாபிஷேகம் என்போம். அவர்கள் தம் மொழியில் வேறு சொல்லுவர். பாலாலயம் செய்து, திருப்பணி முடித்து, கலசம் ஏறும் நாளை எண்ணிக் காத்திருந்த ஊராருக்கு அந்த நவம்பர் நாளின் மகிழ்ச்சி எத்தகையது என்பது எளிதில் விளங்கும்.

லும்பினியை அடைய மலையிறங்கித் தராய்ச் சமவெளிக்கு வரவேண்டும். பௌர்ணமி நாளில் மாயாதேவி கோயிலைச் சுற்றிப் பல நாட்டுத் துறவியரும் தத்தம் மொழியில் ஓதுகின்றனர். அங்கே நிற்கும் அசோகர் தூண் 1896-ஆம் ஆண்டில் அடையாளம் காணப்பட்டது. முடிசூடி இருபது ஆண்டுகள் கழிந்தபின் அரசர் தாமே வந்து வழிபட்டார் என்பதும், பகவான் பிறந்த ஊராதலால் அவ்வூரின் வரியைக் குறைத்தார் என்பதும் அதில் பொறிக்கப்பட்டுள்ளன. கோயிலுக்கு இறையிலி நிலம் விட்ட கல்வெட்டுக்களைப் பிராகாரச் சுவர்களில் படித்துப் பழகிய தமிழர்க்கு இச்செய்தி அந்நியமாகத் தோன்றாது. அன்றியும், தஞ்சைப் பெரியகோயிலை எடுப்பித்த அதே இராசராசன், நாகப்பட்டினத்தில் ஸ்ரீவிஜய மன்னன் எடுப்பித்த சூடாமணி விகாரத்திற்கு ஆனைமங்கலம் என்னும் ஊரை வழங்கினான். லெய்டன் செப்பேடுகள் என வழங்கும் பட்டயம் அதற்குச் சான்று. சிவபாதசேகரன் என்ற பட்டம் பூண்டவன் புத்தர் பள்ளிக்கு ஊர் கொடுத்ததனால் அவனுடைய சிவபக்தி ஒரு நெல்மணி அளவும் குறைந்ததாக எவரும் எழுதவில்லை.

லும்பினித் தூணுக்கு அருகே வாழ்ந்த சிற்றூர் மக்கள், அங்குள்ள மாயாதேவியின் சிலையை நெடுங்காலமாகத் தங்கள் ஊர்த்தேவியாகவே வழிபட்டு வந்தனர். ஆராய்ச்சியாளர் வந்து அவள் புத்தரின் தாய் என்று சொன்ன பின்னரும் அம்மக்களுக்கு அவள் தேவியே.

இனி முக்திநாதம். இந்த யாத்திரையின் முடிமணி அதுவே.

பொக்காராவினின்று சிறு வானூர்தி, இருபுறமும் வானளாவிய பனிச்சிகரங்கள் நிற்க, கண்டகி ஆறு அறுத்த பள்ளத்தின் வழியே ஜோம்சோம் என்னும் ஊருக்குச் செல்கின்றது. முற்பகல் கடந்ததும் அப்பள்ளத்தில் பெருங்காற்று எழும். ஆகையால் காலையில் மட்டுமே பறக்கும். இப்பொழுது மோட்டார் வழியும் உண்டு. காக்பேணி என்னும் சங்கமத்தில் பிதிர்களுக்குப் பிண்டம் இட்டு, மேலேறி, ராணிபௌவா என்ற சிற்றூரில் இறங்கினால், அதற்கு மேல் கால்நடையாகவோ குதிரையிலோ செல்லவேண்டும்.

இங்கே ஒன்றை வெளிப்படையாகச் சொல்லித்தான் ஆகவேண்டும். பொக்காரா கடல்மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 2,700 அடி; ஜோம்சோம் 9,000 அடி; முக்திநாதமோ 12,000 அடிக்கு மேற்பட்டது. கடற்கரையில் மூச்சுக்குக் கிடைக்கும் பிராணவாயுவில் மூன்றில் இரு பங்கு அளவே அங்குக் கிடைக்கும். காலையில் பொக்காராவில் புறப்பட்டு நண்பகலில் பெருமாளைச் சேவித்து மாலையில் திரும்பிவிடலாம் என்று ஆசை காட்டும் ஏற்பாடுகளை முதியோர் நம்பலாகாது. ஜோம்சோமிலோ காக்பேணியிலோ ஓரிரவேனும் தங்கி உடலைப் பழக்கியபின் ஏறுதல் வேண்டும். தலைவலி மிகுந்து, குமட்டலும் மூச்சுத்திணறலும் தோன்றினால் உடனே இறங்குவதே மருந்து. வேறு மருந்தை நம்பி மேலேறுவது உயிருக்கே இடர். கோயில் வாயில் கண்ணுக்குத் தெரியும் தொலைவில் ஒருவரைத் திருப்பி அழைத்து வருவது தலைவருக்கும் எளிதன்று, திரும்புபவருக்கும் எளிதன்று. பல ஆண்டுகள் பணம் சேர்த்து வந்த மூதாட்டி, “பெருமாள் காலடியில் உயிர் போனாலும் போகட்டும், விடுங்கள் அப்பா” என்பார். அச்சொல்லுக்கு மயங்காத தலைவரோடுதான் முதியோரை அனுப்பவேண்டும். ஆழ்வார்கள் இருந்த இடத்தினின்றே எத்தனையோ தலங்களைப் பாடினார்கள் என்பதையும், வாயிலை நோக்கிச் செய்யும் ஓர் அஞ்சலி பெருமானுக்குப் போதும் என்பதையும் அம்மூதாட்டிக்கு மலை ஏறும்போது அல்ல, ஊரிலிருந்து புறப்படுமுன்னரே சொல்லி வைக்க வேண்டும்.

கோயிலின் பின்னே அரைவட்டமாகச் சுவர் எழுப்பி, அதில் 108 எருதுமுகங்கள் வைத்து, ஒவ்வொன்றின் வாயிலாகவும் பனிநீர் விழச் செய்திருக்கிறார்கள். முன்னே இரண்டு குளங்கள். இளையோர் 108 தாரைகளின்கீழும் ஓடி நனைந்து குளங்களிலும் மூழ்கி எழுவர். இயலாதவர் ஒவ்வொரு தாரையிலும் விரல் நனைத்துத் தலையில் தெளித்துக் கொள்ளலாம். புரோட்சணமும் சாத்திரம் ஒப்பிய தூய்மையே.

உள்ளே ஸ்ரீதேவி பூதேவி சமேதராய் எம்பெருமான் வீற்றிருக்கிறார். இதே திருவுருவத்தைப் பௌத்தர் கருணையே வடிவான அவலோகிதேசுவரர் என்று வணங்குகின்றனர். அவ்விடத்திற்கு அவர்கள் இட்ட பெயருக்கு ‘நூறு நீர்’ என்பது பொருள். பத்மசம்பவர் திபெத்து செல்லும் வழியில் அங்குத் தவம் புரிந்தார் என்றும், சித்தர் 84 பேர் ஊன்றிச் சென்ற தண்டுகளே அங்கு மரங்களாகத் தழைத்தன என்றும் கூறுவர். நம் திருவையாற்றையும் பழனியையும் சுற்றிச் சொல்லப்படும் சித்தர் கதைகளோடு இவை எவ்வளவு நெருங்கி வருகின்றன!

சற்றுத் தள்ளி ஜ்வாலா மாயி கோயில். மலையினின்று கசியும் இயற்கை வாயு அங்கே நீலச் சுடராக எரிகின்றது. சுடருக்கு அடியில் நீர் ஓடும் ஒலி கேட்கும். நீரும் நெருப்பும் ஒன்றையொன்று அழிக்காமல் ஒரே பிளவில் வாழ்கின்றன. தமிழ் யாத்திரிகர் பலர் பெருமாள் சந்நிதியோடு திரும்பிவிடுகின்றனர். இச்சுடரைக் காணாமல் வருவது பெருங்குறை.

இச்சுடரையும் இத்தலத்தையும் தலைமுறை தலைமுறையாகப் பேணி வருபவர்கள் அப்பகுதிக் குடும்பங்களைச் சார்ந்த பௌத்தத் துறவுப் பெண்டிர். குளிர்காலத்தில் யாத்திரிகர் ஒருவரும் வாராத நாட்களிலும் அவர்கள் விளக்கேற்றத் தவறுவதில்லை. அவர்களை வழியில் நிற்கும் வேலைக்காரியரைப்போல் எண்ணிச் சில்லறை நீட்டிச் செல்வோரும் உளர். அது தகாது. நம் ஊரில் அர்ச்சகரிடம் எப்படிக் கைகூப்பித் தீர்த்தம் பெறுவோமோ அப்படியே அவர்களிடமும் பெறுதல் வேண்டும்.

இவ்விடத்தில் திருமங்கையாழ்வாரைப் பற்றிய ஒரு வரலாறு நினைவிற்கு வாராமற் போகாது. திருவரங்கத்து மதில் திருப்பணிக்குப் பொருள் வேண்டி, நாகப்பட்டினத்துப் பௌத்தப் பள்ளியிலிருந்த பொன் புத்தர் திருவுருவத்தை அவர் கவர்ந்து வந்தார் என்று குருபரம்பரை நூல்கள் கூறுகின்றன. வைணவப் பெரியோர் இதனை ஆழ்வாரின் அரங்கப் பற்றுக்குச் சான்றாக எடுத்துரைப்பர். கேட்போர் சிலர் முகம் சுளிப்பர். எவர் எவ்வாறு கொண்டாலும் ஆகுக. அதே ஆழ்வார் பாடிய சாளக்கிராமத்து எம்பெருமானின் திருவிளக்கு, இன்று புத்தரைச் சரணடைந்த பெண்களின் கையில் இருக்கின்றது. அவர்கள் நாகப்பட்டினத்துக் கணக்கைக் கேட்கவில்லை. எம்பெருமானுக்கு நெய் ஊற்றுகிறார்கள்.

ஆழ்வார் பாடிய தலம் முக்திநாதமே என்பர் பலர். கண்டகியின் மேற்றலையில் தாமோதர குண்டத்தை ஒட்டிய பகுதியே அஃது என்பாரும் உளர். ஆறு ஒன்றே, அதன் கரையெங்கும் சாளக்கிராமக் கற்கள் கிடைக்கின்றன. பிற மூர்த்திகளைப்போல் சாளக்கிராமத்திற்குப் பிரதிட்டை வேண்டுவதில்லை; அது தானே சாந்நித்தியம் உடையது என்பது ஆகமமறிந்தோர் கொள்கை. நிலநூலார் கூறுவதோ வேறொரு வகையில் வியப்பானது. பத்துக் கோடி ஆண்டுகளுக்கு முன்னர் இமயம் எழுந்திராத காலத்தில் அவ்விடம் கடலாயிருந்தது. அக்கடலில் வாழ்ந்த சுருள் ஓட்டு உயிர்களின் சுவடே கல்லினுள் சக்கரமாகப் பதிந்திருக்கின்றது என்பர். பனிமலையின் உச்சியில் கடலின் அடையாளம்! பாற்கடலிற் பள்ளிகொண்டானைப் பாடும் அடியார்க்கு இதைக்கேட்டு மனம் கலங்கக் காரணம் ஒன்றுமில்லை. கடைகளில் உளியால் சக்கரம் வெட்டி விற்கும் போலிக் கற்களைக் கண்டுதான் கலங்கவேண்டும்.

முக்திநாதத்திற்கும் வடக்கே, தனி அனுமதி பெற்றே செல்லத்தக்க லோ மாந்தாங் என்னும் மதில் சூழ்ந்த பழைய நகரில், வேனிற்காலத்தில் மூன்று நாள் ‘தீஜி’ என்னும் விழா நடக்கின்றது. அரக்கனாகிய தந்தை நாட்டின் நீரை வற்றச் செய்ய, மைந்தன் அவனை எதிர்த்து நின்று நாட்டைக் காப்பதைத் துறவிகள் முகமூடி அணிந்து ஆடிக் காட்டுகின்றனர். மெலட்டூரில் இரணிய நாடகம் கண்டவர் அவ்வாட்டத்தின் நடுவே நரசிம்மம் தோன்றாததைக் கண்டு சற்று ஏமாறக்கூடும். வழி அரிது; ஆதலின் உடல் வலிமை உடையோர்க்கே அது உரியது.

மலையிறங்கிக் காட்மாண்டுக்கு மீண்டதும் லலிதபுரியில் தேரோட்டம் காத்திருக்கும். பாட்டன் என்று வழங்கும் அந்நகரின் சிவந்த மச்சேந்திரநாதர் தேர் ஏறத்தாழ 60 அடி உயரம். மரச் சட்டத்தின்மேல் பிரம்பைப் பிணைத்துக் கோபுரமாக உயர்த்தி, ஆண்டுதோறும் புதிதாகவே அதனைக் கட்டுகின்றனர். அது திருவாரூர்த் தேர்போல் கம்பீரமாக அசையாது. நாணல்போல் இப்பக்கமும் அப்பக்கமும் சாயும். காண்போர் நெஞ்சு பதறும். இந்துக்கள் அப்பெருமானை யோகி மச்சேந்திரநாதர் என்பர். பௌத்தர் அவலோகிதேசுவரர் என்பர். அங்குள்ள நேவார் மக்கள் கருணாமயர் என்று சொல்லி இரு சாராரையும் கடந்துவிடுவர். கோரக்கநாதர் நாகங்களை அடக்கி அவற்றின்மேல் அமர்ந்ததால் 12 ஆண்டு மழை பொய்த்தது; அரசன் நரேந்திரதேவனும், பௌத்த ஆசாரியர் பந்துதத்தரும், உழவன் ஒருவனும் ஆக மூவரும் சென்று, காமரூபத்தினின்று இப்பெருமானை எழுந்தருளுவித்தனர்; குருவைக் கண்டு வணங்க கோரக்கர் எழ, நாகங்கள் விடுபட்டு மழை பொழிந்தது என்பது வரலாறு. மழை வேண்டி அரசனும் ஆசாரியனும் உழவனும் சேர்ந்து போனார்கள் என்பதே அதில் கருதத்தக்க பகுதி.

12 ஆண்டுக்கு ஒருமுறை இத்தேர் புங்கமதி என்னும் சிற்றூரினின்று புறப்பட்டு அங்கேயே மீளும். 2015-ஆம் ஆண்டு அத்தகைய ஆண்டு. தேர் வழியில் இருக்கும்போதே நிலம் நடுங்கியது. புங்கமதிக் கோயில் இடிந்து வீழ்ந்தது. தேர் நின்றுவிட்டது. மக்கள் தங்கள் வீடுகளைத் தேடி எடுத்துக்கொண்டபின் மீண்டும் வந்து அத்தேரைச் செப்பனிட்டு இழுத்தனர். கோயிலையும் பின்னர்ப் புதிதாக எழுப்பினர்.

விழாவின் இறுதிநாள் ஜாவலாகேல் திடலில் நடக்கும். கார்க்கோடகன் என்னும் நாகராசனின் மனைவிக்கு நேர்ந்த கண்நோயைத் தீர்த்த உழவன் ஒருவன் மணிகள் பதித்த சட்டை ஒன்றைப் பரிசாகப் பெற்றான். அது களவு போயிற்று. பின்னொரு நாள் தேர்த்திருவிழாக் கூட்டத்தில் பேய் ஒன்று அதனை உடுத்து நிற்கக் கண்டு, உழவன் ‘என்னுடையது’ என்றான்; பேயும் ‘என்னுடையது’ என்றது. இருவரிடத்தும் சான்று இல்லை. உரியவர் சான்றோடு வரும்வரை சட்டை பெருமானிடமே இருக்கட்டும் என்று தீர்ப்பாயிற்று. முன்னாளில் அரசர் வந்து அமர்ந்து காண்பார்; 2008-ஆம் ஆண்டில் முடியாட்சி நீங்கியபின் குடியரசுத் தலைவர் வருகின்றார். பாட்டன் நகரின் குமாரியும் எழுந்தருளுவாள். தேரின் மேலிருந்து நான்கு திசைக்கும் அச்சட்டையை உயர்த்திக் காட்டுவர். இந்துக்களும் பௌத்தர்களும் கலந்து நிற்கும் பெருங்கூட்டத்தில் எவரும் உரிமை கோரி முன்வருவதில்லை. சட்டையை மடித்து மறுபடி பெருமானிடமே சேர்ப்பிப்பர். அந்நாளில் நாலு துளியேனும் மழை விழும் என்பது அங்குள்ளோர் நம்பிக்கை. ஆதலின் உழவர்கள் திடலினின்று கலைந்து, நாற்று நடுவதற்கு வயலைச் செப்பம் செய்ய வீடு திரும்புவர்.